பந்து வராத இடத்தில் நிற்பவன்

அம்மாவிடம் ஒரு கேள்வி இருந்தது. பந்து வராதபோது அந்த ஆள் என்ன செய்துகொண்டிருப்பான்?

எந்த ஆள் என்று கேட்டால் தட்டைக் காட்டுவாள். புனேயின் போபோடியில் எங்கள் வீட்டுச் சமையல் மூலையில் ஒரு பழைய அலுமினியத் தட்டு, நடுவில் லேசாகக் குழிந்தது. மேட்ச் நடக்கும் நாட்களில் அதில் பதினோரு புளியங்கொட்டைகள் இருக்கும். கூடவே இரண்டு கொண்டைக்கடலை, அவை மட்டை பிடிப்பவர்கள். அலமாரி மேல் ரேடியோ. கொஞ்ச நேரம் ஹிந்தி, கொஞ்ச நேரம் இங்கிலீஷ் என்று வர்ணனை ஓடும். வெங்காயம் நறுக்கிய ஈரக் கையால் அம்மா கொட்டைகளை நகர்த்துவாள். ஸ்லிப்பில் இரண்டு. கவரில் ஒன்று. ஓவர் முடிந்ததும் தட்டை அப்படியே அரைச்சுற்று திருப்பி வைப்பாள். இனி எதிர்முனையிலிருந்து பந்து வரும் அல்லவா, தட்டைத் திருப்பினால் எல்லாரும் தத்தம் இடத்தில் போய் நின்றுவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாம்பாருக்குப் புளி கரைத்தபடி அவளே கண்டுபிடித்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கும் டி.வி. வந்தது. அம்மா நான்கு மேட்ச் பார்த்தாள். பிறகு ரேடியோவுக்கே திரும்பிவிட்டாள்.

"இதுல பந்து போற எடத்த மட்டும் காட்றான். மத்தவங்கல்லாம் இன்னா ஆனாங்க? செத்தா போய்ட்டாங்க?"

தட்டின் விளிம்போரம் தனியாகக் கிடக்கும் ஒரு கொட்டையை விரலால் தொடுவாள். தேர்ட் மேன், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் எல்லைக் கோட்டருகே நிற்பவன். "இவன் காலைலருந்து நிக்கிறான். ஒரு பந்து வர்ல. ரேடியோக்காரன் ஒரு வாட்டி இவன் பேரு சொல்லல. அங்க இவன் இன்னாதான் பண்ணிகினு இருப்பான்?"

அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். கிரிக்கெட் என்றால் அவருக்கு ஒரு நாள் முழுக்கக் கெட்டுப்போவது. "நிக்கிறவன் நிப்பான். வேற இன்னா பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போவார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. பதினெட்டு வருஷப் புனே வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்: ஒரு வாட்டி மைதானத்துக்குப் போய் அவனைப் பார்க்கணும்.

ஒரு குளிர்காலத்தில் அதற்கு வழி வந்தது. நான் காலேஜில் முதல் வருஷம், தங்கச்சி ஐந்தாம் வகுப்பு. தொழிற்சாலையில் சீட்டுக் குலுக்கி மேட்ச் டிக்கெட் கொடுத்தார்கள். ஆசைப்பட்டவர்களை எல்லாம் விட்டுவிட்டு அப்பாவின் பெயரில் நான்கு விழுந்தது. மேட்ச் ஸ்வர்கேட் பக்கத்து ஸ்டேடியத்தில், காலை ஒன்பது மணிக்கு. எண் போட்ட இருக்கை கிடையாது, முந்தினவனுக்கு முந்தின படி. போபோடியிலிருந்து விடியற்காலை பஸ்ஸை நம்ப முடியாது என்று அப்பா கணக்குப் போட்டார். முந்தின நாளே போய் ஸ்வர்கேட்டில் ரூம் போடுவது என்று முடிவாயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சிரித்தாள். "ஒரே பஸ்ஸு, அதுக்கு லாட்ஜா? அடுத்தது இன்னா, எங்க வூட்டுக்கு வர்றதுக்கும் ரூம் போடுவீங்களா?"

அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முந்தின நாள் மதியமே புளிசோறு கிளறினாள், மறுநாள் வரை தாங்கும் என்று. நான்கு அடுக்கு எவர்சில்வர் தூக்கு. மூன்று அடுக்கில் சோறு, ஒன்றில் உருளைக்கிழங்கு வறுவல். வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் பயணம் என்றால் புளிசோறு. பத்து கிலோமீட்டர் போனாலும் சரி, இரண்டு நாள் போனாலும் சரி.

லாட்ஜ் மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். "போபோடி" என்றார் அப்பா. மேனேஜரின் பேனா நின்றது. இங்கிருந்து எங்கே போகிறீர்கள்? "போபோடி."

அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வீட்டில் ஏதும் தகராறா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். மேட்ச் என்றதும் முகம் தெளிந்து சாவியைக் கொடுத்தார்.

அன்று மாலை நாங்கள் எங்கள் ஊருக்கே சுற்றுலா வந்தோம். எப்படிச் சொல்வது, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டதுபோல. அதே துணிதான், தையல் மட்டும் வெளியே தெரிந்தது. பேட்டைகளின் ஒடுங்கின தெருக்கள், மர பால்கனிகள், பித்தளை மணக்கிற கடைகள். அம்மாவுக்குக் கட்கி மார்க்கெட் தெரியும், ரேஷன் கடை தெரியும், ஆஸ்பத்திரி தெரியும். இந்தப் புனேவை அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு கடைப் பலகை முன்னாலும் நின்றாள். தங்கச்சிக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, மராத்தி தண்ணீர்பட்ட பாடு. அவள்தான் படித்துச் சொன்னாள். "அம்மா, பக் நா, பாரு, இங்க போட்டிருக்கு: ஒண்ணுலேருந்து நாலு கடை மூடி இருக்கும், கதவு தட்டாதீங்கோ."

"யாவாரம் பண்றவன் பகல்ல தூங்குவானா?"

"தூங்குவான். கீழே போட்டிருக்கு, விலை கேட்டு நேரம் வீணாக்காதீங்கோ."

"அப்ப கடைய எதுக்குடி வச்சான்?" அம்மா சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாரஸ் பாக் பூங்காவில் குளத்தின் நடுவில் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டோம். வெளியே வந்து பேல்பூரி வாங்கியபோது அம்மாவின் ஹிந்தி மேடை ஏறியது. அவளுடைய ஹிந்தி முழுக்க ரேடியோ வர்ணனையில் கற்றது. பேல்காரனிடம், காரச் சட்னியின் "கதி" கொஞ்சம் "தீமி" ஆக இருக்கட்டும் என்றாள். வேகம் குறைவான பந்துக்கு ரேடியோக்காரர் சொல்வது அது. அவன் கரண்டியை நெஞ்சில் வைத்துத் தலை வணங்கினான். "ஜீ மாவ்ஷி, ஸ்பின் போடுகிறேன்." மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி. அந்த ஊரில் அம்மா எல்லாருக்கும் மாவ்ஷிதான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் எங்கே போனாலும் அம்மா பை பார்த்துக்கொள்கிறவள். சிங்கட் கோட்டைக்குப் போனோம், நாங்கள் ஏறினோம், அவள் அடிவாரத்தில் பைகளோடு இருந்தாள். ஆளந்திக்குப் போனோம், ஆற்றில் இறங்கினோம், அவள் படியில் செருப்புகளோடு இருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. யாரும் எழுந்து வரச் சொன்னதுமில்லை. ஒருவேளை அந்த விளிம்புக் கொட்டையின் மேல் அவளுக்கு ஏன் அத்தனை அக்கறை என்று நான் அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பத்தொன்பது வயதில் என் கவலை எல்லாம் டி.வி.யில் என் முகம் தெரியுமா என்பதுதான்.

மறுநாள் ஆறரைக்கெல்லாம் வரிசையில் நின்றோம். குளிர். வாயைத் திறந்தால் புகை. ஊதல், கொடி, கன்னத்தில் வர்ணம். அம்மா தூக்கைப் புடவைத் தலைப்பால் போர்த்தி இடுப்பில் வைத்திருந்தாள், குழந்தையை வைத்திருப்பதுபோல. எட்டு மணிக்கு எங்கள் முறை வந்தது. பெண்களைச் சோதிக்கும் போலீஸ்காரம்மா தலைப்பை விலக்கிப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"டபா ஆத் நாஹீ."

டப்பா உள்ளே கிடையாது. பாட்டில் கிடையாது, பாத்திரம் கிடையாது. மேலிருந்து எறிந்தால் மண்டை உடையும்.

அம்மாவுக்குப் புரியவே இல்லை. "புளிசோத்த யாராவது எறிவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். போலீஸ்காரம்மாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது, சட்டம் மட்டும் மாறவில்லை. எங்களைச் சுற்றி வந்தவர்கள் கையில் காகிதப் பொட்டலம்தான் இருந்தது. நான்கு அடுக்குத் தூக்கோடு மேட்ச் பார்க்க வந்தவர்கள் அந்த மைதானத்துக்கே நாங்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அம்மா வரிசையை விட்டு விலகினாள். நடைபாதை ஓரத்தில் தூக்கை வைத்து, பக்கத்தில் புடவையை ஒதுக்கி உட்கார்ந்தாள். "நீங்க போங்க. நான் இத வச்சிகினு இங்க ஒக்காந்துக்கறேன். அந்த தேர்ட் மேன மட்டும் நல்லா பாத்துகினு வந்து சொல்லுங்க." நாங்களும் போனோம். அதுதான். நானும் தங்கச்சியும் கதவைத் தாண்டி உள்ளே நான்கடி வைத்துவிட்டோம். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தட்டவில்லை. சிங்கட்டில் ஏறியதுபோல, ஆளந்தியில் இறங்கியதுபோல.

தங்கச்சிதான் நின்றாள். "அக்கா, அம்மாதானே பாக்கணும் சொன்னா?"

திரும்பினேன். கம்பிக் கதவுக்கு வெளியே அம்மா தூக்கின் பிடியைச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நாங்கள் வெளியே வருவதற்குள் அப்பா அங்கே போய்விட்டிருந்தார். எங்களுக்குப் பின்னால்தான் வருகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் வாசலையே தாண்டவில்லை.

"நீ போ. நான் ஒக்காறேன்."

"குலுக்கல்ல உங்க பேருதான வந்துச்சு. நீங்க போங்க."

"எனக்கு இன்னா தெரியும் அதுல? பந்து எது, மட்ட எதுன்னு தெரியாது."

"நீங்க இல்லாம நான் இன்னாத்த பாக்கறது?"

"என்னையா பாக்க வந்த? தேர்ட் மேனத்தான பாக்க வந்த?"

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. அப்பா அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்கின் கொக்கியைத் தளர்த்தினார். மேல் அடுக்கைத் திறந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

"இன்னா பண்றீங்க? மதியத்துக்கு அது!"

"காலி பண்ணிட்டா இத யாரு காவல் காக்கணும்? ஒக்காருங்க எல்லாரும்."

காலை எட்டேகால் மணிக்கு, ஒரு நாட்டின் அணி விளையாட வந்திருக்கும் மைதானத்தின் வாசலில், நாங்கள் நான்கு பேரும் ஒரு நாள் சோற்றைத் தின்றோம். வேகமாகத் தின்றோம். கடலை கடிபட்டது, காய்ந்த மிளகாய் உறைத்தது, மூக்கில் நீர் வந்தது. இரண்டாவது அடுக்கில் நான் தோற்றேன். அப்பா வரிசையைக் கூப்பிட்டார். கொடி பிடித்தவன் கை நீட்டினான். கன்னத்தில் வர்ணம் பூசிய இரண்டு பேர் நீட்டினார்கள். போலீஸ்காரம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் கிண்ணமாக்கினாள். "ஆம்பட் பாத்!" என்றாள் கண்ணை மூடி. புளிப்புச் சோறு. அம்மா அவளுக்கு மட்டும் வறுவலும் வைத்தாள்.

தூக்கு காலி. போலீஸ்காரம்மா மறுபடி தலையாட்டினாள். சோறு தீர்ந்தது சரி மாவ்ஷி, ஆனால் எவர்சில்வர் எவர்சில்வர்தானே.

அம்மா எழுந்தாள். இந்த முறை உட்காரவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு கரும்புச்சாற்றுக் கடை. புனேயில் அந்த எந்திரத்தின் சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள், சுற்றும்போது ஜல் ஜல் என்று தெருவைக் கூப்பிடும். கடைக்காரர் தலையில் வெள்ளைக் குல்லா. அம்மா சாலையைக் கடந்து நேரே அவரிடம் போய், தன் வர்ணனை ஹிந்தியில், இந்தப் பாத்திரத்துக்கு இன்றைய ஆட்டம் முடியும் வரை உங்கள் "பெவிலியனில்" இடம் வேண்டும் என்றாள்.

அவர் வாங்கிக் கரும்புக் கட்டுக்குப் பின்னால் வைத்தார். பிறகு சொன்னார்: இருபது வருஷமாக இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். உள்ளே போனதில்லை. சத்தத்தை வைத்தே தெரியும், நான்கு ரன்னா, ஆறா, ஆள் அவுட்டா. நம் ஆள் அவுட்டானால் சத்தம் நடுவில் அறுந்துவிடும். உள்ளே எப்படி இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

சொல்கிறேன் என்றாள் அம்மா. வாக்குக் கொடுப்பதுபோலத் தலையசைத்தாள்.

நாங்கள் படியேறும்போது முதல் ஓவர் ஆரம்பித்திருந்தது. நல்ல இடமெல்லாம் போய்விட்டது. கீழே, கம்பிவேலியை ஒட்டி, ஆடுகளத்திலிருந்து வெகு தூரத்து மூலைதான் மிச்சம். எனக்கு அழுகை முட்டியது. அம்மா வேலியைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். முப்பதடி தள்ளி, வெள்ளைக் கோட்டுக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். அவனைத் தவிர அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

"இவன்தான்டி," என்றாள்.

புல்லின் பச்சை அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. தூரம் அவ்வளவு தூரமாக இருக்கும் என்றும். மட்டை ஆடுவது முதலில் தெரிந்தது, சத்தம் சற்றுப் பொறுத்து வந்தது. அம்மா அதைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் அவனைப் படித்துக்கொண்டிருந்தாள். ஷூ முனையால் தரையில் ஒரு கோடு கிழித்தான். விரல்களில் ஊதினான். மேலே ஒரு பருந்து வட்டமிட்டது, அதை அண்ணாந்து பார்த்தான். "அவனும் வேடிக்க பாக்கறான்டி," என்றாள் அம்மா, ரொம்பத் திருப்தியாக.

பிறகு ஓவர் முடிந்தது. அவன் நடக்க ஆரம்பித்தான். எங்களை விட்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து, எதிர்க்கோடி வரை. போய்க்கொண்டே இருந்தான். புளியங்கொட்டை அளவுக்குச் சிறுத்துவிட்டான்.

அம்மா வேலியிலிருந்து கையை எடுத்தாள். "எங்க போறான்?"

"அந்தப் பக்கம்மா. இப்ப எதிர்முனைலேருந்து போடறாங்க இல்ல?"

அம்மா அவனையே கண்ணால் தொடர்ந்தாள். ஆறு பந்து கழித்து அவன் அவ்வளவு தூரமும் நடந்து திரும்பி வந்தான். அப்போது சொன்னாள்: "நான் தட்டத் திருப்பிடுவேன். இத்தினி வருஷமா. இவன் நடக்கறான்."

அன்று முழுக்க அவள் பந்தைப் பார்க்கவில்லை. பெரிய விக்கெட் ஒன்று விழுந்தது. படிகள் அதிர்ந்தன, அப்பா, எங்கள் அப்பா, படிமேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றி எவனோ ஒருவனைக் கட்டிக்கொண்டு கத்தினார். அம்மா மட்டும் வேலிப்பக்கம் திரும்பியே இருந்தாள். என் முழங்கையை இழுத்தாள்.

"அங்க பாக்காத. இங்க பாரு. பந்து போடறவன் ஓடி வர்றப்ப இவன் இன்னா பண்றான்னு பாரு."

பார்த்தேன். பந்து வீசுபவன் ஓடிவரத் தொடங்கியதும் எங்கள் ஆள் கையைத் தொங்கவிட்டு, லேசாகக் குனிந்து, உள்நோக்கி மூன்று எட்டு வைத்தான். பந்து வேறெங்கோ போயிற்று. திரும்பித் தன் இடத்துக்கு வந்தான். அடுத்த பந்து. மூன்று எட்டு, திரும்பினான். அடுத்தது. மூன்று எட்டு. காலையிலிருந்து அவனிடம் வந்தது இரண்டே பந்து என்று அம்மா எண்ணி வைத்திருந்தாள்.

"இப்ப எல்லாரையும் பாரு," என்றாள்.

கண்ணை அகலப்படுத்தினேன். கடவுளே, எல்லாருமே நடந்தார்கள். கவரில் நின்றவன், மிட் ஆனில் நின்றவன், எதிர்க்கோடியில் எறும்புபோல நின்றவன். ஒரே நேரத்தில் மைதானம் முழுவதும் நடுவை நோக்கிச் சுருங்கியது. பந்து விழுந்ததும் விரிந்தது. சுருங்கியது, விரிந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறுபோல. இதை எந்த டி.வி.யும் எனக்குக் காட்டியதில்லை, அதற்குப் பிறகும் காட்டவில்லை.

சாயங்காலம் தூக்கை வாங்கப் போனோம். கடைக்காரர் கையை உயர்த்தித் தடுத்தார். யார் ஜெயித்தது என்று சொல்ல வேண்டாம், அது இங்கேயே கேட்டுவிட்டது. வேறென்ன பார்த்தீர்கள்?

அம்மாவுடைய ஹிந்தியில் இதற்கு வார்த்தை இல்லை. எந்த வர்ணனையிலும் யாரும் சொல்லாத விஷயம். தூக்கைக் கீழே வைத்தாள். கைகளைத் தொங்கவிட்டு, லேசாகக் குனிந்து, அந்தக் கரும்புச் சக்கை சிதறிய தரையில் மூன்று எட்டு முன்னால் வைத்தாள். திரும்பிப் போனாள். மறுபடி மூன்று எட்டு. ஸ்வர்கேட் ஜனங்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். "ஹர் பால்," என்றாள். ஒவ்வொரு பந்துக்கும். "பந்து வராட்டாலும்."

கடைக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டார். சலங்கை அடங்கியது. "ஒவ்வொரு பந்துக்குமா?" என்று திரும்பக் கேட்டார்.

பிறகு நான்கு தம்ளர் சாறு பிழிந்தார். அப்பா குடித்துக்கொண்டே மேட்ச் கதையை ஆரம்பித்தார், போபோடி வரும் வரை முடிக்கவில்லை. பஸ்ஸில் தூக்கை அம்மாவின் மடியிலிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பின் எத்தனையோ மேட்ச். புது வருஷங்கள், புது டி.வி., வண்ணம். தங்கச்சி லோஹேகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், நான் சாங்விக்கு வந்தேன். அம்மா ரேடியோவை விடவில்லை, தட்டையும். ஓவர் முடிந்தால் மட்டும் முன்போலத் தட்டைத் திருப்புவதில்லை. பதினோரு கொட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ப்பக்கம் வைப்பாள், அடுப்பில் எது தீய்ந்தாலும். அப்புறம் ரேடியோவில் பந்து வீசுபவன் ஓடிவருகிறான் என்று கேட்டதும், தட்டின் விளிம்பை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். விளிம்பில் இருந்த அந்த ஒற்றைக் கொட்டையும் சேர்ந்து, எல்லாம் நடுக் குழியை நோக்கி ஒரு நூல் நகரும்.